கோடு வளைவதாக வந்த கம்ப்ளைண்ட்

புதுக்கோட்டையில் நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் சர்வீஸ் கம்பெனியில் இப்போது ஒரு புது ஏற்பாடு வந்திருக்கிறது. ஸ்கிரீன் சரியில்லை என்று யார் கூப்பிட்டாலும் உடனே ஆள் அனுப்புவதில்லை. திரையைச் செல்போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள். அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்து, கேபிளா, மானிட்டரா, சிபியுவுக்குள் இருக்கும் டிஸ்ப்ளே கார்டா என்று சொல்லிவிடுகிறார். பத்துக்கு எட்டு சரியாகவே இருக்கிறதாம். நான் நம்புகிறேன். படத்தில் தெரியக்கூடிய கோளாறுகள்தான் அதிகம்.

இந்த ஏற்பாட்டைப் பற்றி என் கருத்தை எழுதித் தரும்படி அங்கே இப்போது பொறுப்பில் இருப்பவர் கேட்டார். நான் ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. கருத்து என்று பெரிதாக எதுவும் இல்லை. நடந்ததை எழுதுகிறேன். அவர்களுக்கு எது உதவுமோ எடுத்துக்கொள்ளட்டும்.

என் ஊர் வல்லத்திராக்கோட்டை. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு நான்கு வருடம் டிவி கடையில் இருந்தேன். அந்தக் காலத்து கம்ப்யூட்டர் மானிட்டர் என்பது சேனல் வராத டிவிதான். அதைத் திறக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று கம்பெனியில் தேடினார்கள், சேர்ந்துவிட்டேன். சேர்ந்த முதல் மாதம், பிளக்கைப் பிடுங்கி அரை மணி நேரம் ஆன மானிட்டருக்குள் கையை விட்டு, ஷாக் அடித்து நாற்காலியோடு பின்னால் விழுந்தேன். அணைத்து வைத்தாலும் உள்ளே கரண்ட் தங்கும் என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தேன். என் பயிற்சிக் காலத்தில் சொல்வதற்கு அது ஒன்றுதான் இருக்கிறது.

கட்டுமாவடியில் ஒரு மீன் வியாபாரியின் ஆபீசிலிருந்து ஒரு கால் வந்தது. ஸ்கிரீனுக்கு மஞ்சக்காமாலை வந்துவிட்டது என்று அவர் போனில் சொன்னார். நான் சிரித்தேன். பிக்சர் டியூப் போய்விட்டது என்று போகாமலேயே முடிவு செய்து, வேறு ஒரு மானிட்டரைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் ஏற்றினேன். அறந்தாங்கியில் வண்டி மாறும்போது அதைத் தூக்கி இறக்கியதில் முதுகு பிடித்துக்கொண்டது. கட்டுமாவடியில் போய் மாட்டினால் புது மானிட்டரும் மஞ்சள்.

வியாபாரி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து நின்றார்.

“நா அப்பவே சொல்ல வந்தேங்க. நீங்க போன வச்சிட்டீங்க. பின்னாடி ஒயர இங்கிட்டுத் தள்ளினா மஞ்சளு, அங்கிட்டுத் தள்ளினா வெள்ளை.”

சிபியுவின் பின்னால் மானிட்டர் ஒயர் செருகும் இடத்தில் நீல நிறத்துக்கான ஓட்டைக்குள் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. கடற்கரை ஊர், உப்புக்காற்று. நீலம் வராவிட்டால் வெள்ளை மஞ்சளாகத்தான் தெரியும். உள்ளே இருந்த சின்ன கார்டை மாற்றினேன், சரியாகிவிட்டது. அந்தப் பெரிய மானிட்டரை மறுபடியும் சாக்கில் கட்டிக்கொண்டு திரும்பினேன்.

அதற்கான ரிப்போர்ட்டை மறுநாள் ஸ்டெல்லா மேடத்திடம் கொடுத்தேன். அவர்தான் சர்வீஸ் பிரிவுக்குப் பொறுப்பு. இன்ஜினியர் அல்ல. அதே கம்பெனியில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்து மேலே வந்தவர். என்னைவிட இரண்டு வயது பெரியவராக இருக்கலாம். மானிட்டரின் உள்ளே என்ன இருக்கும் என்று அவருக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவும் மாட்டார். எங்களை எல்லாம் ‘சார்’ என்றுதான் கூப்பிடுவார். ரிப்போர்ட்டை வாங்கியதும், நாம் எதிரே நிற்கும்போதே, ஏற்ற இறக்கம் இல்லாமல் வாய்விட்டுப் படிப்பார். நாம் எழுதியது அவர் குரலில் கேட்கும்போது நமக்கே அசடாக இருக்கும்.

“‘கலர் ஃபால்ட். கார்டு மாற்றப்பட்டது.’ அவ்வளவுதானா சார்? அவர் போன்ல என்ன சொன்னாரு?”

“மஞ்சக்காமாலைன்னு சொன்னாரு மேடம்.”

“அத எழுதலாமே.”

“ரிப்போர்ட்ல எப்படி மேடம்...”

“போன் வந்தப்பவே மஞ்சள்னு எழுதியிருந்தா, எந்தக் கலர் இல்லைன்னு யோசிச்சிருப்பீங்க. ஃபால்ட்னு எழுதினா மானிட்டரத் தூக்கிட்டுப் போவீங்க.”

திட்டும் தொனி எதுவும் இல்லை. சிவப்புப் பென்சிலால் ‘ஃபால்ட்’ என்ற வார்த்தையை அடித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். அந்த மாதமே ரிப்போர்ட் தாளை மாற்றி அச்சடித்தார். மூன்று கட்டம். வாடிக்கையாளர் சொன்னது, நாம் பார்த்தது, செய்தது. முதல் கட்டத்தில் வாடிக்கையாளரின் சொந்த வார்த்தையைத்தான் எழுத வேண்டும். ‘டிஸ்ப்ளே பிராப்ளம்’ என்று எழுதினால் தாள் திரும்பி வரும். இருபது வருடம் அவர் கீழே வேலை பார்த்தேன். நன்றாகச் செய்தீர்கள் என்று யாரிடமும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை. தாள் திரும்பி வராவிட்டால் அதுதான் பாராட்டு.

அதே காலத்தில் வேலை செய்யும் முறை ஒன்றும் எனக்குப் படிந்தது. போனவுடன் எதையும் தொடக்கூடாது. யார் உட்கார்ந்து வேலை செய்கிறாரோ அவரையே உட்காரச் சொல்லி, பின்னால் நின்று பார்க்க வேண்டும். கோளாறு கண்ணில் பட்ட பிறகு மானிட்டர் ஒயரைப் பிடுங்க வேண்டும். அப்போது ‘சிக்னல் இல்லை’ என்று மானிட்டர் தானாக ஒரு கட்டம் காட்டும். அந்தக் கட்டமும் கோணலாக இருந்தால் தப்பு மானிட்டரில். கட்டம் ஒழுங்காக இருந்தால் தப்பு ஒயரில், அல்லது அதற்கும் பின்னால். திரையில் தெரிவதை அப்படியே கம்ப்யூட்டரிலேயே படமாகச் சேமித்து வேறு கம்ப்யூட்டரில் திறந்து பார்க்க வேண்டும். அங்கேயும் கோளாறு தெரிந்தால் அது சாஃப்ட்வேர். பிறகு ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும், ஒரு தடவைக்கு ஒன்றுதான். இரண்டை ஒன்றாக மாற்றிச் சரியாகிவிட்டால் எது கெட்டது என்று கடைசிவரை தெரியாது.

அறந்தாங்கியில் ஓர் ஆபீசில் திரை தண்ணீரில் விழுந்த நிழல்போல நெளிந்தது. அங்கே இருந்த கிளார்க் ஒருவர், நான் போவதற்குள் எல்லாவற்றையும் கவனித்து வைத்திருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு அரவை மில். “மொளகா அரைக்கிறப்ப ஆடலைங்க. மாவு அரைக்கிறப்பத்தான் ஆடுது,” என்றார். மில்லில் போய்ப் பார்த்தால் இரண்டு மோட்டார். மாவு மோட்டார் சரியாக இந்த மேஜைக்கு நேர் பின்னால், சுவரை ஒட்டி இருந்தது. அதன் காந்தம் சுவரைத் தாண்டி வந்து படத்தை ஆட்டியது. மேஜையை நான்கடி தள்ளிப் போட்டோம். ஸ்பேனர் எடுக்கவே இல்லை. அன்றைக்கு எழுதிய தாளில், மிளகாய், மாவு இரண்டையும் எழுதினேன். தாள் திரும்பி வரவில்லை.

இவ்வளவும் தெரிந்த பிறகுதான் கந்தர்வக்கோட்டைப் பக்கத்து விஷயம் நடந்தது. அதனால் அப்போது அனுபவம் போதவில்லை என்று நான் சொல்ல முடியாது.

அது ஒரு முந்திரிப் பருப்புக் கம்பெனி. முந்திரிக்கொட்டையை உடைத்து, ரகம் பிரித்து, டின்னில் அடைத்து வெளியூருக்கு அனுப்புவார்கள். ஆபீஸ் அறையில் இரண்டு கம்ப்யூட்டர்கள். ஒன்றில் செல்வராணி என்ற அம்மாள் வேலை பார்த்தார். ஐம்பது வயதை ஒட்டி இருக்கும். எந்த ரகத்தில் எத்தனை டின் தயார், எந்த லாரிக்கு எது போகிறது என்ற பட்டியல் எல்லாம் அவர் கையில். பட்டியல் என்றால் திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். அப்போது பழைய கனத்த மானிட்டர்கள் எல்லாம் போய், எல்சிடி என்னும் தட்டை மானிட்டர்கள் வந்துவிட்டிருந்தன.

முதல் தடவை போனபோது அவர் எழுந்து நின்றுகொண்டு சொன்னார்.

“கோடு வளையுதுங்க.”

“எந்தக் கோடுங்க?”

“இந்தக் கட்டம் போட்ருக்குல்ல, நடுவால கொஞ்சம் புடைச்ச மாதிரி. நம்பரு ஒன்னு மேல ஒன்னு ஏறிக்கிருது.”

நான் அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். எல்லாக் கோடும் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. பழைய டியூப் மானிட்டரில் கோடு வளையும். தட்டை மானிட்டரில் கோடு வளைய வழியே இல்லை. ஒவ்வொரு புள்ளியும் கண்ணாடியில் அதனதன் இடத்தில் பதிந்திருக்கிறது. இது எனக்குத் தெரியும் என்பதால் அவர் சொன்னதை நான் கேட்கவில்லை. ஒயரை இறுக்கினேன். திரையின் அளவை ஒருமுறை மாற்றித் திரும்ப வைத்தேன்.

“இப்பப் பாருங்க.”

“பரவால்லங்க,” என்றார்.

அது சரியாகிவிட்டது என்று அர்த்தமல்ல. எனக்கு நேரமாகிறது என்று அவர் புரிந்துகொண்டார், அவ்வளவுதான். தாளின் முதல் கட்டத்தில் ‘படம் தெளிவில்லை’ என்று எழுதினேன். அவர் அப்படிச் சொல்லவே இல்லை.

பத்து நாள் கழித்து மறுபடியும் கூப்பிட்டார்கள். இந்த முறை வேறு மானிட்டர் எடுத்துப் போய் மாட்டினேன். மேனேஜர் தியாகராஜன் பக்கத்திலேயே வந்து நின்றார். கெட்டவர் அல்ல. எந்நேரமும் லாரிக்குக் காத்திருக்கிற மனிதர், அந்த அவசரம் அவர் பேச்சில் இருக்கும்.

செல்வராணி திரையைப் பார்த்துவிட்டு, “இதுலயும் கொஞ்சம் இருக்குங்க,” என்றார்.

“புது மானிட்டர்லயுமா?” என்றார் மேனேஜர்.

அந்த அம்மாள் ஒருமுறை அவரைப் பார்த்தார். ஒருமுறை என்னைப் பார்த்தார். “இல்ல, சரியாத்தான் இருக்குங்க,” என்றார்.

‘பழுது எதுவும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேனேஜர் அதில் ஒரு நகல் கேட்டார். கொடுத்தேன். எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வாரம் இருக்கும். ஸ்டெல்லா மேடம் கூப்பிட்டார். அவர் மேஜையில் என் இரண்டு ரிப்போர்ட்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

“முந்திரி கம்பெனியிலேருந்து மேனேஜர் பேசினார் சார். மெஷின்ல பழுதே இல்லைன்னு கம்பெனி லெட்டர்ஹெட்ல எழுதிக் கேக்குறாரு.”

“இல்லதான மேடம். ரெண்டு தடவை பாத்துட்டேன்.”

“எதுக்குக் கேக்குறாரு தெரியுமா?”

தெரியாது என்றேன்.

“அந்தம்மா ஒரு லோடு தப்பா போட்டுட்டாங்களாம். முழுப் பருப்பு போக வேண்டிய எடத்துக்கு ஒடைசல் போயிருச்சாம். கேட்டா ஸ்கிரீன்ல கோடு வளையுதுன்னு சொல்றாங்களாம். நம்ம லெட்டர் வந்தா அவங்கள வேலையவிட்டு அனுப்பிருவாரு.”

அவர் முதல் ரிப்போர்ட்டை எடுத்து அவருக்கே உரிய குரலில் படித்தார். “‘படம் தெளிவில்லை.’” இரண்டாவதையும் படித்தார். முதல் கட்டத்தில் அதில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை.

“ரெண்டு தாளும் என்னையத் தாண்டித்தான் ஃபைலுக்குப் போயிருக்கு. நானும் திருப்பி அனுப்பல,” என்றார். பிறகு, “கோடு வளையுதுன்னு அவங்க சொன்னாங்களா சார்?”

“சொன்னாங்க மேடம். ஆனா எல்சிடில கோடு வளையாது.”

“வளையாதுன்னு எனக்குத் தெரியாது. ஒங்களுக்குத் தெரியும். ஆனா இருபது நாளா ஒரே ஆளு ஒரே வார்த்தையச் சொல்லிக்கிட்டிருக்காங்க. இன்னொரு தடவ போய்ட்டு வாங்க. லெட்டர் நீங்க வந்தப்பறம் எழுதுவோம்.”

எனக்கு எரிச்சலாக இருந்தது. இருந்தாலும் போனேன். ஒரு ஸ்பேர் சிபியு, மானிட்டர், கார்டு, ஒயர் எல்லாவற்றையும் கம்பெனி வேனில் ஏற்றிக்கொண்டேன்.

முந்திரி கம்பெனியில் செல்வராணி நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். திரை அணைந்திருந்தது. இனி கையை வைக்க வேண்டாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தாராம்.

“என்னங்க சொல்றீங்க?” என்றேன்.

“நா என்னத்தங்க சொல்றது. நீங்கதான் ஒன்னுமில்லன்னு எழுதிக் குடுத்துட்டீங்களே.”

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் உறைத்தது.

மேனேஜரிடம் ஒரு மணி நேரம் அவகாசம் கேட்டேன். அவர் வேண்டா வெறுப்பாகச் சரி என்றார். செல்வராணியையே உட்காரச் சொல்லி, பட்டியலைத் திறக்கச் சொன்னேன். நான் பின்னால் நின்றேன்.

“எங்க வளையுதுன்னு வெரல வச்சுக் காட்டுங்க.”

அவர் திரையின் நடுவில் வைத்தார். அங்கே கோடு நேராகத்தான் இருந்தது. பட்டியலை மேலே நகர்த்தச் சொன்னேன். அவர் பார்வை மேலே போனது. “இப்ப மேல வளையுது,” என்றார். கீழே ஓர் எண்ணைப் பார்க்கச் சொன்னேன். “இப்ப அங்க.”

கோளாறு ஓர் இடத்தில் நிற்கவில்லை. அவர் எங்கே பார்க்கிறாரோ அங்கே போனது. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. சாஃப்ட்வேராக இருக்கலாம் என்று நினைத்தேன்.

ஒயரை மாற்றினேன். வளைகிறது என்றார். மானிட்டரை மாற்றினேன், வளைகிறது. கார்டு, பிறகு முழு சிபியு, பிறகு கரண்ட் எடுக்கும் இடம். ஒவ்வொன்றையும் மாற்றியதும் பழையதைத் திரும்ப மாட்டிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனேன். ஒவ்வொரு தடவையும் அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கி, “இன்னும் இருக்குங்க” என்றார். மேனேஜர் வாசலில் நின்று பெருமூச்சு விட்டது கேட்டது. நானும் அந்த அம்மாள் வேண்டுமென்றே சொல்கிறாரோ என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

பக்கத்து மேஜையில் இருந்த மற்றொரு கம்ப்யூட்டரில் அதே பட்டியலைத் திறந்து, அங்கே உட்காரச் சொன்னேன். அந்தக் கம்ப்யூட்டரைப் பற்றி யாரும் ஒரு புகாரும் சொன்னதில்லை.

“இதுலயும் வளையுதுங்க,” என்றார். அவருக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

அவர் போட்டிருந்த மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். எழுத்து மங்கியது, ஆனால் வளைவு அப்படியே இருந்தது. மாற்றுவதற்கு என் கையில் வேறு ஒன்றும் இல்லை. எண்களை எல்லாம் எடுத்துவிட்டு வெறும் கட்டத்தை மட்டும் ஒரு தாளில் பிரிண்ட் எடுத்தேன். அதை அவர் கையில் கொடுத்தேன்.

அவர் தாளைப் பார்த்தார். கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

“பேப்பர்லயும் வளையுதேங்க.”

தாளில் கரண்ட் இல்லை. ஒயர் இல்லை. மேனேஜர் உள்ளே வந்தார்.

“அந்த சன்னலப் பாருங்க,” என்றேன். சன்னலில் நேர் நேராக இரும்புக் கம்பிகள். “நடுக்கம்பியப் பாருங்க.”

பார்த்தார். தலையைச் சாய்த்தும் பார்த்தார்.

“கம்பி நெளிஞ்சிருக்கே. யாரு நெளிச்சா?”

யாரும் நெளிக்கவில்லை. கம்பி நேராக இருந்தது.

ஒரு கண்ணை மூடிப் பார்க்கச் சொன்னேன். வலது கண்ணைக் கையால் பொத்தினார். “இப்ப நேரா இருக்கு.” இடது கண்ணைப் பொத்தினார். பொத்தியதும் அவர் முகம் மாறியது. நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு இருப்பதாகச் சொன்னார், அதைச் சுற்றிக் கம்பிகள் விலகி ஓடுவதாகச் சொன்னார். இரண்டு கண்ணையும் திறந்து வைத்திருந்ததால் அந்தத் திட்டு இதுவரை அவருக்குத் தெரியவில்லை. ஒரு கண்ணின் குறையை மற்றொன்று மூடிக்கொண்டிருந்தது. நேர்க்கோடுகளிலும் பொடிப்பொடி எண்களிலும் மட்டும்தான் அது தப்பி வெளியே வந்திருக்கிறது.

“எனக்கு வைத்தியம் தெரியாதுங்க,” என்றேன். “ஆனா இது மெஷின்ல இல்ல. கண்ணுலதான் என்னமோ இருக்கு. இன்னைக்கே கண் டாக்டர்ட்டக் காமிங்க. நாளைக்குன்னு வைக்காதீங்க.”

“வீட்ல சொன்னா கண்ணு தெரியலன்னு வேலைய விடச் சொல்லுவாக.”

“சொல்லட்டுங்க. கண்ணு மொதல்ல.”

“கண்ணாடி மாத்தினாச் சரியாப் போயிருமா?”

“தெரியாதுங்க.”

அவர் அழவில்லை. கைப்பையைத் திறந்து உள்ளே எதையோ தேடினார், மூடினார். பிறகு மேனேஜரைப் பார்த்து, “சார், நா பொய் சொல்லலைன்னு மட்டும் தெரிஞ்சிருச்சுல்ல?” என்றார்.

தியாகராஜன் வெளியே போய்ப் பருப்பு லோடு ஏற்றிக்கொண்டிருந்த வேனின் டிரைவரைக் கூப்பிட்டு, ஏற்றியதை இறக்கச் சொன்னார். அந்த வேனில்தான் செல்வராணி தஞ்சாவூருக்குப் போனார். வழியில் அவர் கணவரை ஏற்றிக்கொண்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஆபீசுக்கு வந்து ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தேன். முதல் கட்டத்தில் ‘கோடு வளையுது’ என்று அவர் சொன்னபடியே எழுதினேன். இரண்டாவதில், ஆபரேட்டருக்கு வலது கண்ணில் கோளாறு என்று எழுதினேன். ஸ்டெல்லா மேடம் படித்தார். பென்சிலை எடுத்தார்.

“கண்ணப் பத்தி நாம எழுதக் கூடாது சார். அது அவங்க சொல்ல வேண்டியது. நாம கம்ப்யூட்டர் பாக்கப் போனோம்.”

“அப்ப என்னன்னு எழுதுறது மேடம்? பழுது இல்லைன்னு எழுதினா அந்தாளு அதத்தான கேட்டாரு?”

அவர் கொஞ்சம் யோசித்தார். அவர் யோசித்து நான் பார்த்த சில தடவைகளில் அது ஒன்று. பிறகு லெட்டர்ஹெட்டில் அவரே கையால் எழுதினார். ‘செல்வராணி அவர்கள் கோடு வளைவதாகச் சொன்னது உண்மை. காரணம் கம்ப்யூட்டரில் இல்லை. முதல் இரண்டு ரிப்போர்ட்டுகளையும் நாங்கள் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம்.’ கடைசி வரி எனக்குக் கூச்சமாக இருந்தது. அதைச் சொன்னேன். “இருக்கட்டும்,” என்றார். கையெழுத்துப் போட்டு என்னிடமே கொடுத்து, நேரில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்.

தஞ்சாவூர் மருத்துவமனையில் முதலில் அவருக்குச் சர்க்கரை பார்த்திருக்கிறார்கள். பல வருடமாக இருந்திருக்கிறது, அவருக்குத் தெரியாது. கண்ணின் பின்பக்கம், பார்வை கூர்மையாக விழும் இடத்தில், நீர் கோத்து வீங்கியிருந்தது. அதனால்தான் நேர்க்கோடு வளைந்து தெரிந்திருக்கிறது. இடது கண்ணிலும் அது ஆரம்பித்திருந்தது. கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். ஒன்றல்ல, மாதம் ஒன்றாகப் பல. இடது கண்ணைக் காப்பாற்றிவிட்டார்கள். வலது கண்ணில் வீக்கம் வடிந்தது, ஆனால் பார்வை முழுதாகத் திரும்பவில்லை. சில வாரம் முன்னால் வந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். அந்தச் சில வாரத்தில் இருபது நாள் என் கையெழுத்தில் இருக்கிறது. முதல் நாளே நான் அவரை உட்காரவைத்துப் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். விடை வராது. வேறு யாரும் என்னை இதைப் பற்றிக் கேட்டதில்லை.

இரண்டு மாத லீவு முடிந்து அவர் வேலைக்கு வந்தார். லீவை மேனேஜரே போட்டு வைத்திருந்தார். மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லையாம். ஆனால் செல்வராணியின் மேஜையைச் சன்னல் வெளிச்சம் திரையில் அடிக்காத பக்கம் திருப்பிப் போட்டிருந்தார். எழுத்தைப் பெரிதாக்கித் தர வேண்டும் என்று எங்களுக்குப் போன் வந்தது. வேறு ஆள் போகக் கிளம்பினார். நான் போகிறேன் என்றேன்.

திரையில் எழுத்தையும் கட்டத்தையும் பெரிதாக்கினேன். ஒரு வரி விட்டு ஒரு வரிக்கு இளம் நிறம் கொடுத்தேன், வரி தாவாமல் இருக்க. வேலை முடிந்தும் நான் கிளம்பவில்லை. பைக்குள் ஸ்குரூ டிரைவரை வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன்.

“மொதத் தடவ நீங்க சொன்னத நா காதுலயே வாங்கலங்க,” என்றேன். “தெளிவில்லன்னு நானா எழுதிட்டேன். அன்னைக்கே கேட்டிருந்தா...”

அவர் திரையைப் பார்த்தபடியே இருந்தார்.

“கேக்காதது நீங்க மட்டுமாங்க? தலவலின்னு ஆறு மாசமா மாத்திரையப் போட்டுக்கிட்டு, என் கண்ண நானே கேக்கல. மெஷினத்தான் கொற சொன்னேன்.” பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். “ஆனா நீங்க எழுதிக் குடுத்தீங்க பாருங்க ரெண்டாந் தடவ, ஒன்னுமில்லன்னு. அன்னைக்கு ராவெல்லாம் எனக்குப் புத்திதான் பெரண்டுபோச்சோன்னு பயந்துட்டேன். அதத்தான் இன்னும் மறக்க முடியல.”

சரிங்க என்றேன்.

அவர் பட்டியலைத் திறந்தார். வலது கண்ணைப் பொத்திப் பார்த்தார். இடது கண்ணைப் பொத்திப் பார்த்தார். தினமும் காலையில் இப்படிப் பார்க்கச் சொல்லி டாக்டர் சொல்லியிருக்கிறார் போல.

“இன்னும் வளையுதுங்களா?” என்றேன்.

“சோத்துக்கைப் பக்கம் வளையுதுங்க, லேசா.” கையை எடுத்துவிட்டு விசைப்பலகையில் வைத்தார். “இப்ப எது வளையுதுன்னு தெரியும்ல. பாத்துக்கிருவேன்.”

அன்றைய லாரிக்கான டின்களை ஒவ்வொரு வரியாகத் தட்டத் தொடங்கினார்.